கார்மின் 2024-இல் 20 சதவீத வளர்ச்சி: எங்கிருந்து வந்தது, நமக்கு அதில் என்ன?

மிட்ராண்ட் கணக்கர்

வணக்கம். கொம்ரேட்ஸ் ஓட்டம் (டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கிற நெடுந்தூர ஓட்டம்) முடிந்ததிலிருந்து நம் குழுவில் வாட்ச் பேச்சாகவே இருக்கிறது. அதற்கு நடுவே ஒருவர், "கூகுள் மேப் வந்தப்பவே அந்தக் கம்பெனி போயிருக்கும்னு நெனச்சேன், இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பலருக்கும் கார்மின் என்றால் கார் கண்ணாடியில் ஒட்டி வைத்த, வழி காட்டும் அந்தச் சின்னத் திரைதான் நினைவுக்கு வரும். ஆண்டறிக்கைகளைப் படிப்பது என் தொழில் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2024-இல் கம்பெனியின் மொத்த வருவாய் 6.3 பில்லியன் டாலர். முந்தைய வருஷம் 5.23 பில்லியன். ஏற்றம் 20 சதவீதம். பிரிவு பிரிவாகப் பார்த்தால்: மலை, காடு, பயணம் சார்ந்த அவுட்டோர் பிரிவு 1.96 பில்லியன், 16 சதவீதம் கூடுதல். ஓட்டம், சைக்கிள், உடற்பயிற்சி சார்ந்த ஃபிட்னஸ் 1.77 பில்லியன், 32 சதவீதம் கூடுதல். படகுக் கருவிகள் 1.07 பில்லியன், 17 சதவீதம். விமானக் கருவிகள் 877 மில்லியன், 4 சதவீதம்தான். கார் கம்பெனிகளுக்கு நேரடியாகச் செய்து கொடுப்பது 611 மில்லியன், 45 சதவீதம்.

கடையில் வாங்கிக் காரில் ஒட்டும் கருவிக்கு இப்போது தனிக் கணக்கே கிடையாது. 2023 முதல் அதை அவுட்டோர் பிரிவுக்குள் சேர்த்துவிட்டார்கள். ஒரு காலத்தில் கம்பெனியைத் தாங்கியதே அதுதான். 2008-இல் வருவாய் 3.49 பில்லியன் டாலர், அதில் பெரும்பங்கு காரிலிருந்து வந்தது. 2009 அக்டோபர் 28 அன்று கூகுள், ஃபோனிலேயே இலவசமாக வழி சொல்லும் வசதியை அறிவித்தது. அந்த ஒரே நாளில் கார்மின் பங்கு சுமார் 16 சதவீதம் விழுந்தது. அதே தொழிலில் இருந்த ஹாலந்துக்காரர்களின் டாம்டாம் அதைவிட அதிகமாக விழுந்தது. 2010-இல் கார்மின் வருவாய் 2.69 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. 2008-இன் அந்த 3.49 பில்லியனை மறுபடி தாண்டியது 2019-இல். பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

நான் இதில் மதிப்பது அந்தப் பதினோரு வருஷத்தைத்தான். முக்கிய வியாபாரம் கண் முன்னே கரைகிறது, ஆனாலும் ஆராய்ச்சிச் செலவில் கை வைக்காமல் நடத்தியிருக்கிறார்கள். ஓடுபவர்களுக்கான ஃபோர்ரன்னர் வாட்சை 2003-லேயே, கார் வியாபாரம் உச்சிக்குப் போவதற்கு முன்பே, கொண்டு வந்துவிட்டார்கள். நெருக்கடி வந்த பிறகு விதை தேடவில்லை. 2012-இல் ஃபெனிக்ஸ் வாட்ச், 2014-இல் விவோஃபிட் கைப்பட்டை என்று அதன் மேல் கட்டிக்கொண்டே போனார்கள். 2024-இல் ஆராய்ச்சிக்கு மட்டும் ஏறக்குறைய 1 பில்லியன் டாலர்.

இங்கே அந்தக் கருவிகளைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் என்ன சொல்கிறீர்கள்? வளர்ச்சி பொருளிலா, விளம்பரத்திலா?

---

சாட்ஸ்வொர்த் ஓட்டக்காரன்

பொருளில்தான் அண்ணே. ஃபிட்னஸ் பிரிவு 32 சதவீதம் ஏறியது எனக்கு ஆச்சரியமே இல்லை. கொம்ரேட்ஸ் தொடக்கக் கோட்டில் இருட்டில் நின்று பக்கத்தில் இருக்கிற மணிக்கட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

காரணம் பேட்டரி. 2025-இல் இறங்கு ஓட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கால அளவு 12 மணி நேரம். பாதிப்பேர் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் வந்து சேருகிறோம். அத்தனை நேரமும் ஜிபிஎஸ் ஓட வேண்டும், இதயத்துடிப்பு பார்க்க வேண்டும். ஃபோர்ரன்னர் 55 மாதிரி கீழ்மட்ட மாடலுக்கே ஜிபிஎஸ்ஸில் 20 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. வருஷக்கணக்கில் பழகின பேட்டரியில் அவ்வளவு வராது, ஆனால் 12 மணி நேரத்துக்குப் போதும். பேர்பெற்ற ஃபோன் கம்பெனி வாட்ச் கட்டி ஓடிய நண்பர்கள் சிலருக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போதே திரை கறுத்துவிட்டது. பைன்டவுனிலிருந்து டர்பன் வரை வேகம் தெரியாமல் ஓடுவது கஷ்டம். கவீஸ் ஹில்லில் கால் எரிகிறபோது கணக்கு வைத்துக்கொள்ள மூளை ஒத்துழைக்காது.

இன்னொன்று, புதிதாக ஓடுகிறவர்களுக்கு: கொம்ரேட்ஸில் சாலையோரப் பலகை ஓடின தூரத்தைக் காட்டாது, மிச்சம் இருக்கும் தூரத்தைத்தான் காட்டும். வாட்ச் எப்போதும் அதோடு ஒத்துப்போகாது, கொஞ்சம் கூடவே காட்டும். வாட்ச் கெட்டுப்போகவில்லை. பாதையை அளப்பது மிகக் குறுகிய கோட்டில். நாம் தண்ணீர் மேசைக்கு ஒருபக்கம், நிழலுக்கு மறுபக்கம் என்று வளைந்து ஓடுகிறோம். ஜிபிஎஸ் புள்ளிகளும் கொஞ்சம் அங்கும் இங்கும் விழும், அந்தச் சின்னச் சின்ன வளைவெல்லாம் தூரமாகச் சேரும். அதனால் வாட்சில் வருகிற சராசரி வேகத்தை நம்பி 12 மணி நேரக் கெடுவை ஒட்டிக் கணக்குப் போடாதீர்கள். பலகையைப் பாருங்கள், கடிகார நேரத்தைப் பாருங்கள், இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

---

வெருலம் கடைக்காரர்

கடையில் நிற்பவன் பார்வையில் ஒரு விஷயம். கணக்கர் சொன்ன 20 சதவீதத்தில் விலை ஏற்றத்துக்கும் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஃபெனிக்ஸ் 7 வந்தபோது அமெரிக்காவில் 700 டாலரில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஃபெனிக்ஸ் 8 வந்தபோது தொடக்கமே 1,000 டாலர். பளிச்சென்ற திரை, மைக், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்தது உண்மை. ஆனால் நம் நாட்டில் 2025 நடுவில் டாலர் 18 ராண்டைச் சுற்றி நின்றது. 1,000 டாலர் என்றால் 18,000 ராண்ட், அதன்மேல் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி, 20,700 ஆகிவிட்டது. கப்பல், கடை வாடகை, என் கூலி எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. அமெரிக்கக்காரர்களுக்கு அது ஒரு வாட்ச். இங்கே அந்தப் பணத்தை ஒரு குடும்பம் எத்தனை மாதம் நீட்டிச் செலவழிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியும் விற்கிறது. ஏன் என்றால் டிஸ்கவரி காப்பீட்டுக் கம்பெனியின் வைட்டாலிட்டி திட்டம். வாட்ச் கணக்கை அதோடு இணைத்தால் ஓடினதுக்கும் நடந்ததுக்கும் புள்ளி சேரும், அதற்குச் சலுகை கிடைக்கும். மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறவர்கள் வாட்சைச் செலவாகப் பார்ப்பதில்லை. ஓட்டக்காரர்கள் மட்டுமல்ல, இங்கே காலையில் ரோட்டில் நடக்கிற அத்தைகளும் மாமாக்களும் வாங்குகிறார்கள்.

---

மிட்ராண்ட் கணக்கர்

கடைக்காரர் ஐயா சொன்னது கணக்கிலும் தெரிகிறது. 2024-இல் மொத்த லாப விகிதம் (சாமான் செய்கிற செலவு போக மிஞ்சுவது) 58.7 சதவீதம், இயக்க லாபம் வருவாயில் 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கையில் பிடிக்கும் சாமான் செய்கிற கம்பெனிக்கு இது மிக உயர்ந்த அளவு. தைவானில் சொந்தத் தொழிற்சாலைகள் வைத்திருப்பது அதற்கு ஒரு காரணம். புது மாடலை வேகமாக உற்பத்தி வரிசையில் ஏற்றலாம், நடுவில் ஒப்பந்தக்காரருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. விலையேற்றமும் ஒரு காரணம், மறுக்கவில்லை.

ஆனால் எல்லாப் பிரிவும் ஒன்றல்ல. கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிற பிரிவு 45 சதவீதம் ஏறினாலும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. பிஎம்டபிள்யூவுக்கான கணினிப் பெட்டிதான் அங்கே பெரிய வேலை. வருவாய் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பங்கு வாங்க நினைக்கிற தம்பிகள் இதைக் கவனியுங்கள்.

---

கடல்வழி_டர்பன்

படகுப் பிரிவைப் பற்றி நான் சொல்கிறேன், இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன்பிடி. தாத்தா காலத்தில் கரைவலை, இப்போது ஸ்கீபோட் என்கிற சின்ன எஞ்சின் படகு.

17 சதவீத ஏற்றத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2023-இல் ஜேஎல் ஆடியோ என்ற ஒலிபெருக்கிக் கம்பெனியை வாங்கினார்கள். அதன் வருவாய் 2024-இல் முழு வருஷத்துக்கும் சேர்ந்தது. ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான். படகில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு நல்லது, எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு விஷயம் சோனார். படகின் அடியில் ஒரு சென்சார் ஒலியைக் கீழே அனுப்புகிறது, தரையில் பட்டு, மீனில் பட்டுத் திரும்புகிற எதிரொலியைத் திரையில் வரைகிறது. மீனின் வயிற்றில் காற்றுப்பை இருக்கிறதே, அதுதான் நன்றாக எதிரொலிக்கும். பழைய கருவி ஒரே அலைவரிசையில் தட்டும், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மீன்கள் ஒரே கறையாகத் தெரியும். சர்ப் என்று சொல்கிற முறையில் அலைவரிசையைத் தாழ்விலிருந்து உயரத்துக்கு இழுத்து அனுப்புகிறது. பாறை மேல் ஒட்டி நிற்கிற மீனையும் பாறையையும் பிரித்துக் காட்டும். அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே 1974-இல் மூழ்கிய புரடியூஸ் என்ற கப்பல் கிடக்கிறது. அதன் மேல் படகை நிறுத்தித் திரையைப் பார்த்தால், கப்பலின் உடம்பு தட்டையாக ஒரு தடித்த கோடு, அதற்கு மேலே மீன் கூட்டம் தனித்தனி வளைவாக. எந்த ஆழத்தில் தூண்டிலை நிறுத்த வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். வஞ்சிரம் வருகிற பருவத்தில் அந்த ஐந்து மீட்டர் வித்தியாசம்தான் வெறுங்கையா நிறைகையா என்பதைத் தீர்மானிக்கிறது.

2017-இல் நேவியானிக்ஸ் என்ற கடல் வரைபடக் கம்பெனியை வாங்கியதும் நல்ல முடிவு. கடல் வரைபடம் வெளியில் வாங்குகிற நிலை போய் அவர்கள் கைக்கே வந்தது. 2018-இல் வந்த லைவ்ஸ்கோப் சோனார் மீன் அசைவதை நேரடியாகக் காட்டும். ஆனால் அது ஏரியில் அமைதியான தண்ணீருக்கு ஏற்றது. நம் அலையில், பாறையடியில், அந்த விலைக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

---

என்3 லாரி

நான் டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வண்டி ஓட்டுகிறவர்களை நடத்துகிறேன். என் கருத்து கொஞ்சம் வேறு.

நம் நாட்டில் வண்டியில் ஏறுகிற ஜிபிஎஸ் என்றால் கார்மின் இல்லை. கார்ட்ராக், டிராக்கர், நெட்ஸ்டார், மிக்ஸ் டெலிமாடிக்ஸ், சிட்ராக். கடத்தல், திருட்டு இருக்கிற நாட்டில் வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்கும் காப்பீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும். கருவியை விற்பதில்லை, மாதா மாதம் பணம் வாங்குகிறார்கள். அந்தத் தொழிலில் தென்னாப்பிரிக்கக் கம்பெனிகள் உலக அளவுக்குப் போயிருக்கின்றன. மிக்ஸ் 2024-இல் அமெரிக்காவின் பவர்ஃப்ளீட்டோடு சேர்ந்தது. கார்மின் வளர்ச்சியைப் புகழ்கிற இழையில் நம் ஊர்க் கம்பெனிகளையும் ஒரு வரி சொல்ல வேண்டாமா?

ஆனாலும் ஓட்டுநர் முன்னால் லாரிக்கென்று செய்த திரை ஒன்று இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவேன். ஃபோன் மேப்புக்கு இது 56 டன் வண்டி என்று தெரியாது. குறுக்கு வழி என்று தாழ்ந்த பாலத்துக்கும் எடை தாங்காத ஊர்ச் சாலைக்கும் அனுப்பிவிடும். வண்டியின் உயரம், எடை, நீளம் எல்லாம் முதலிலேயே போட்டு வைக்கிற கருவி அப்படிச் செய்யாது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3 மூடினபோது நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவெல்லாம் சிக்கின. அன்று எங்களுக்கு வண்டி நிற்கிற இடத்தைச் சொன்னது அந்தக் கண்காணிப்புக் கருவி. மாற்று வழியில் லாரி போகலாமா கூடாதா என்று சொல்ல அதால் முடியாது. இரண்டும் இரண்டு வேலை.

---

மாரிட்ஸ்பர்க் டீச்சர்

எல்லோரும் வாங்குகிற நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வாங்கின பிறகு என்ன ஆகிறது என்று நான் கேட்கிறேன்.

2025 மார்ச்சில் கார்மின் கனெக்ட் பிளஸ் என்று மாதச் சந்தா கொண்டு வந்தார்கள், அமெரிக்காவில் மாதம் 6.99 டாலர். இருக்கிற வசதி எதையும் எடுக்கவில்லை, புதிதாகச் சிலதைச் சேர்த்து அதற்கு மட்டும் காசு என்கிறார்கள். இன்றைக்கு அது உண்மை. ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் ஏன் கார்மினுக்கு வந்தார்கள்? ஒரு தடவை காசு கொடுத்தால் முடிந்தது, உன் ஓட்டம், உன் தூக்கம், உன் இதயத்துடிப்பு எல்லாம் உனக்கே தெரியும், மாதா மாதம் கப்பம் கட்ட வேண்டாம் என்பதற்காக. அந்த நம்பிக்கையில் கட்டின வளர்ச்சி இது. நாளை வருகிற நல்ல அம்சமெல்லாம் சந்தாவுக்குப் பின்னால் போனால், முழு விலை கொடுத்தவர் பாதி வாட்சோடு நிற்பார்.

இரண்டாவது, 2020 ஜூலையில் நடந்ததை மறக்க வேண்டாம். கணினித் தாக்குதலில் கார்மின் சேவைகள் சில நாள் நின்றன. ஓடினவர்கள் பதிவை ஏற்ற முடியவில்லை, விமானிகள் வரைபடத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. மணிக்கட்டில் இருக்கிறது நம்முடையது, விவரம் போய்ச் சேருகிற இடம் அவர்களுடையது.

நான் எதிரி இல்லை. ட்ரேக்கன்ஸ்பெர்க் மலையில் நடக்கப் போகும்போது என் பையில் இருப்பது இன்ரீச். 2016-இல் டெலோர்ம் என்ற கம்பெனியை வாங்கினபோது அவர்களுக்கு வந்த கருவி. ஃபோன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், ஆபத்து என்றால் ஒரு பொத்தான். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கி எதிரில் இருப்பவர் தெரியாமல் போகும். அதற்குச் சந்தா கட்டுகிறேன், மனதாரக் கட்டுகிறேன். செயற்கைக்கோளுக்குச் செலவு இருக்கிறது, புரிகிறது. என் இதயத்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டுவதற்கு ஏன் மாதச் செலவு?

---

சாட்ஸ்வொர்த் ஓட்டக்காரன்

டீச்சர் சொல்கிற பயம் எனக்கும் உண்டு. இலவசமாக இருக்கிற பயிற்சி அட்டவணை, ஓய்வு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு, இதெல்லாம் 2020-இல் வாங்கின ஃபர்ஸ்ட்பீட் என்ற ஃபின்லாந்துக் கம்பெனியின் வேலை. என்னைப் போல் கோச் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அதுதான் கோச். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதிலிருந்து கற்றதைத்தான் சொல்கிறேன். அதைப் பூட்டினால் இழப்பு பணக்காரர்களுக்கு இல்லை.

---

கேப்டவுன் விமானப் பராமரிப்பு

விமானப் பிரிவு 4 சதவீதம்தான் என்று கணக்கர் அண்ணன் ஒரு வரியில் கடந்துவிட்டார். கொஞ்சம் நில்லுங்கள்.

புதுச் சின்ன விமானங்கள் பலவற்றின் காக்பிட்டில் கார்மினின் ஜி1000 திரை இருக்கும். விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான்; கார்மினின் ஆட்டோலேண்ட் வசதி பொருத்தியிருந்தால் அது தானே பக்கத்து ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்து, கட்டுப்பாட்டு நிலையத்துக்குக் குரலில் சொல்லி, இறக்கி, பிரேக் பிடித்து, எஞ்சினையும் நிறுத்திவிடும். 2020-இல் அமெரிக்காவில் சான்றிதழ் பெற்றது. அந்த ஆண்டுக்கான காலியர் என்ற விமானத்துறை விருதும் அதற்குத்தான். இந்தத் துறையில் ஒரு கருவிக்குச் சான்று வாங்கவே வருஷங்கள் ஓடிவிடும், அதனால் வருஷ சதவீதம் சின்னதாகத்தான் தெரியும். வாங்கினவர் இருபது வருஷம் அதை மாற்ற மாட்டார். வாட்ச் வியாபாரம் ஒரு வருஷம் தடுக்கி விழுந்தாலும் இந்தப் பிரிவு நிற்கும்.

---

மிட்ராண்ட் கணக்கர்

ஒப்புக்கொள்ளத்தக்க வாதம். வாட்ச் தடுக்கி விழுகிற வருஷம் கற்பனை இல்லை. 2022-இல் கம்பெனியின் மொத்த வருவாயே 4.98-இலிருந்து 4.86 பில்லியனுக்கு இறங்கியது. கோவிட் காலத்தில் எல்லோரும் சைக்கிளும் வாட்சும் வாங்கி முடித்திருந்தார்கள். அந்த வருஷம் அவுட்டோரும் விமானமும் தாங்கின.

டீச்சர் கேட்டதுக்கு என் பதில்: சந்தா வருமானத்தைப் பங்குதாரர்கள் விரும்புவார்கள், அழுத்தம் கூடத்தான் செய்யும். கம்பெனி பதினோரு வருஷம் பொறுமையாக இருந்தது, வாங்கினவர்கள் மறுபடி மறுபடி வந்ததால் சாத்தியமானது. அந்த மனிதர்களைச் சீண்டினால் கணக்கில் தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரை எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். 2025 முதல் காலாண்டிலும் 11 சதவீத ஏற்றம், 1.54 பில்லியன். அந்தக் காலாண்டு வரை யாரும் கோபத்தில் போய்விடவில்லை.

---

மாரிட்ஸ்பர்க் டீச்சர்

சரி, காத்திருந்து பார்ப்போம். இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி. என் தம்பி அடுத்த வருஷம் முதல் தடவை கொம்ரேட்ஸ் ஓடப்போகிறான். கையில் அதிகப் பணம் இல்லை. எதை வாங்கச் சொல்வது?

---

வெருலம் கடைக்காரர்

அம்மா, ஃபெனிக்ஸ் பக்கமே போக வேண்டாம். ஃபோர்ரன்னர் 55 போதும், பளிச்சென்ற திரை வேண்டுமென்றால் 165. இரண்டும் 12 மணி நேரம் நிற்கும். பழைய மாடல், பெட்டி பிரிக்காதது, வாரண்டியோடு கிடைத்தால் அதுவே லாபம். வாங்குகிற கடையில் வாரண்டியை இந்த நாட்டிலேயே பார்ப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டு வந்து மலிவாகக் கொடுக்கிற கடையில் வாங்கிவிட்டு, பட்டன் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் அதிகம். என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

---

சாட்ஸ்வொர்த் ஓட்டக்காரன்

அக்கா, தம்பியிடம் சொல்லுங்கள்: ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, ஃபோன் இணைப்பையும் நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிட வேண்டும். திரை வெளிச்சத்தைக் குறைக்கட்டும். சில மாடல்களில் இரண்டு அலைவரிசையில் ஜிபிஎஸ் பிடிக்கிற வசதி இருக்கும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே அது உதவும், ஆனால் பேட்டரியைத் தின்னும், கொம்ரேட்ஸ் சாலையில் பெரும்பாலும் திறந்த வானம், சாதாரண ஜிபிஎஸ் போதும். ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டட்டும். ஜூன் மாதக் காலைக் குளிரில் தோலில் ரத்த ஓட்டம் குறைந்து இதயத்துடிப்பு முதல் அரை மணி நேரம் தாறுமாறாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து வேகத்தைக் குறைக்க வேண்டாம். ஏறு ஓட்டமாக (டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க்குக்கு) இருந்தால் பாலி ஷார்ட்ஸ் என்ற மேடு கடைசியில் வரும், அதற்கு எவ்வளவு நேரம் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியின்போதே பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு எங்களோடு வரச் சொல்லுங்கள்.